பியூரெட்டின் கடைசிச் சொட்டு
பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் எனக்கு மிகவும் பிடித்தது பியூரெட். 50 மி.லி. கொள்ளும் ஒல்லியான கண்ணாடிக் குழாய். பெர்மாங்கனேட்டை நிரப்பினால் கத்திரிப்பூ நிறத்தில் நிற்கும். கீழே கூம்புக்குடுவையில், பிப்பெட்டால் அளந்த 20 மி.லி. ஆக்ஸாலிக் அமிலம், நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து 60 டிகிரிக்கு மேல் சூடாக்கியது. முதல் சொட்டின் நிறம் மறையத் தாமதமாகும். வினையில் பிறக்கும் மாங்கனீசு அயனியே அந்த வினையை முடுக்கிவிடும், என்ன அழகு! அப்புறம் விழ விழ நிறம் காணாமல் போகும். ஏதோ ஒரு சொட்டில் இளஞ்சிவப்பு அப்படியே நின்றுவிடும், அதுதான் முடிவுநிலை. தனியாக நிறங்காட்டி வேண்டாம். வழக்கமாகப் பியூரெட்டில் திரவ மட்டத்தின் கீழ்ப்பிறையில் அளவெடுப்போம். இந்த அடர்நிறத்துக்கு மட்டும் மேல்விளிம்பு, கண்மட்டத்தில். அடுத்தடுத்து ஒரே அளவு வந்தால்தான் ஏற்க வேண்டும் என்ற கண்டிப்பும் எனக்குப் பிடிக்கும். முதல் அளவு எவ்வளவு நேர்த்தியாக அமைந்தாலும் மறுபடி பியூரெட்டை நிரப்பத்தான் வேண்டும்.