திருக்குர்ஆனில் முதுமையும் நலிவும்: ஒரு சொற்பொருள் நோக்கு

முன்னுரை

முதுமை குறித்த இஸ்லாமியச் சிந்தனை பெரும்பாலும் பெற்றோரைப் பேணும் கடமையின் வழியாகவே எடுத்துரைக்கப்படுகிறது. அக்கடமை மறுக்கவியலாதது. ஆயினும் அவ்வொரு கோணத்திலேயே நின்றுவிடின், முதியவர் பிறரது அறச்செயலுக்கு இலக்காக மட்டுமே எஞ்சுவார். அவரது குரலும் அறப்பொறுப்பும் மறைந்துவிடும். முதுமையின் நலிவைச் சுட்டத் திருக்குர்ஆன் ஆளும் சொற்களையும் அவற்றின் சூழல்களையும் நோக்கின், நலிவுற்றவர் பேசுபவராகவும் கடமையாளராகவும் நிலைபெறுவதைக் காணலாம். அதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நலிவின் இயல்பு

30ஆம் அத்தியாயத்தின் 54ஆம் வசனம் மனித வாழ்வை நலிவு, வலிமை, மீண்டும் நலிவு என மூன்று கட்டங்களாகக் காட்டுகிறது. இவ்வொரு வசனத்தில் நலிவைக் குறிக்கும் ‘ளஅஃப்’ என்னும் சொல் 3 முறையும், வலிமையைக் குறிக்கும் ‘குவ்வத்’ 2 முறையும் வருகின்றன. தொடக்க நிலைக்கும் இறுதி நிலைக்கும் ஒரே சொல் ஆளப்படுகிறது. இறுதியில் நரை மட்டுமே கூடுதலாகச் சேர்கிறது. எனவே நலிவு வாழ்வின் இயல்பிலிருந்து பிறழ்ந்த நிலையன்று. வலிமையே இரு நலிவுகளுக்கு இடைப்பட்ட பருவம் எனக் கொள்ளலாம்.

இதனால் முதுமை இழப்பற்றதாகப் புனையப்படுகிறது எனக் கருதலாகாது. அறிந்தபின் ஏதும் அறியாத நிலைக்குத் தள்ளப்படும் பருவத்தை 16:70, 22:5 ஆகிய வசனங்கள் ‘அர்தலுல் உமுர்’, அதாவது வாழ்நாளின் மிகக் கீழான பகுதி, எனச் சுட்டுகின்றன. அந்நிலையிலிருந்து நபிகள் நாயகம் இறைவனிடம் பாதுகாப்புத் தேடியதை புகாரீயின் நபிமொழித் தொகுப்பு பதிவு செய்கிறது.

தாழ்வின் இடமாற்றம்

17:23, 24 ஆகிய வசனங்கள் முதுமையடைந்த பெற்றோர்முன் சலிப்பொலியும் எழுப்பலாகாது எனத் தடுத்து, ‘துல்’ என்னும் தாழ்வின் சிறகைப் பரிவுடன் அவர்களுக்காகத் தாழ்த்துமாறு பணிக்கின்றன. ‘துல்’ பிற இடங்களில் இழிவுப் பொருளிலும் வரும் சொல்லாகும்; இதே அத்தியாயத்தின் இறுதி வசனம் அத்தாழ்வு இறைவனுக்கு இல்லை என்கிறது. சமூகம் வழக்கமாக நலிந்தவர்மீது ஏற்றும் தாழ்வை, இங்கு வலிமையுள்ள மகனோ மகளோ தாமே ஏற்க வேண்டியுள்ளது. இதனைத் தொடரும் வேண்டுதல் அவர்களது சொந்தக் குழந்தைப் பருவத்தை நினைவூட்டுகிறது. பேணுபவரும் ஒருகாலத்தில் பேணப்பட்டவரே என்னும் உணர்வு, பேணுதல் ஆதிக்கமாக மாறாமல் காக்கிறது.

நலிவுற்றவரின் குரல்

19ஆம் அத்தியாயத் தொடக்கத்தில் முதியவரே பேசுகிறார். இறைத்தூதர் ஸகரிய்யா தம் எலும்பு நலிந்ததையும் தலை நரையால் பற்றியெரிவதையும் தாழ்குரலில் இறைவனிடம் முறையிடுகிறார். 11ஆம் நூற்றாண்டு அணியிலக்கண அறிஞர் அப்துல் காஹிர் அல்ஜுர்ஜானீ இத்தொடரை விரிவாக ஆராய்ந்தவர். இதன் சிறப்பு தீ என்னும் உருவகத்தில் மட்டுமன்று, பற்றியெரிதலை நரையின் வினையாக்காது தலையின் வினையாக்கிய தொடரமைப்பிலும் உள்ளது என்பது அவரது கருத்து. நரை தலைமுழுதும் பரவியதை அவ்வமைப்பே உணர்த்துகிறது.

எலும்பின் நலிவைச் சொல்லும் ‘வஹ்ன்’ என்னும் வேர், 31:14இல் கருவைச் சுமக்கும் தாயின் நலிவுக்கும் ஆளப்படுகிறது. அங்கு நலிவு ஓர் உயிரைத் தாங்குகிறது. இங்கு அது வேண்டுதலைத் தாங்குகிறது. ஸகரிய்யா இழந்த இளமையைக் கேட்கவில்லை. தமக்குப்பின் பொறுப்பேற்கும் வாரிசையே கேட்கிறார். தளர்ந்த உடலிலும் எதிர்காலம் பற்றிய அக்கறை தளரவில்லை.

நோன்பு பற்றிய 2:184 வசனத்திற்கு இப்னு அப்பாஸ் தரும் விளக்கமும் இவ்வகையில் கருதத்தக்கது. நோன்பு நோற்க இயலாத முதியவர் ஒவ்வொரு நாளுக்கும் ஓர் ஏழைக்கு உணவளிக்க வேண்டும் என்கிறார் அவர். உடல் இயலாமை கடமையின் வடிவத்தை மாற்றுகிறது. கடமையாளர் என்னும் தகுதியை நீக்குவதில்லை. பெறுபவராகவே கருதப்படும் முதியவர் இங்குக் கொடுப்பவராகிறார்.

முடிவுரை

இவ்வாசிப்புக்கும் ஓர் எல்லை உண்டு. அறிவும் நினைவும் அகன்ற பருவத்தில் ஸகரிய்யாவைப் போலப் பேசவோ, ஈடாக உணவளிக்க முடிவெடுக்கவோ எவராலும் இயலாது. அந்நிலையில் எஞ்சுவது 17:24 கூறும் தாழ்வின் சிறகே. ஆகவே குரலுக்குச் செவிசாய்த்தலும் பேணுதலும் ஒன்றற்கொன்று மாற்றல்ல. குரல் உள்ளவரை முதியவரைப் பேசுபவராக ஏற்பதும், குரல் அகன்றபின் அவருக்காகத் தாழ்வதும் ஒரே அறத்தின் இரு நிலைகளாகும். பேணலை மட்டும் வலியுறுத்தும் வாசிப்பு இரண்டாம் நிலையை முன்னதாகவே தொடங்கிவிடுகிறது; பேசவல்ல முதியவரை மௌனமாக்குவதே அதன் குறைபாடு எனலாம்.