டெல்டாவில் மேடு இல்லை, எதிர்க்காற்று இருக்கிறது

தஞ்சாவூரில் விடியற்காலையில் சைக்கிளை எடுக்கிறவர்களில் பெரும்பாலானோர் போகும்போதும் வரும்போதும் ஒரே வேகத்தில்தான் மிதிக்கிறார்கள். ஊரின் அமைப்பு அப்படி. திருவையாறு சுமார் 13 கிலோமீட்டர்; வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று பாலங்களில் ஏறி இறங்குவதைத் தவிர வேறு ஏற்றம் கிடையாது. முதல் சில வாரங்களில் தம் கூடும். பிறகு உடம்பு பழகி, முன்னேற்றம் நின்றுவிடும். தினமும் ஒரு மணி நேரம் ஓட்டியும் பலன் இல்லையே என்று புலம்புகிறவர்கள் நேரத்தைக் கூட்டுகிறார்கள். கூட்ட வேண்டியது அழுத்தத்தை.

உடல் ஒரு நிமிடத்தில் அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்பதே விஓ2 மேக்ஸ். இதயம் ஒரு துடிப்புக்கு எவ்வளவு ரத்தத்தைத் தள்ளுகிறது என்பதைப் பொறுத்தே அது பெரும்பாலும் அமைகிறது. அதை உயர்த்த, உச்சத்துக்கு அருகே சில நிமிடங்களாவது உழைக்க வேண்டும். தொடர்ந்து அங்கே நிற்க முடியாது என்பதால்தான் இடைவெளி விட்டு விட்டு மிதிக்கும் பயிற்சி.

இதில் எல்லோரும் சொல்லும் பெயர் ஜப்பானின் இசுமி தபாடா. 1996-இல் வெளியான அவரது ஆய்வில், நிலைச் சைக்கிளில் 20 விநாடி மிதி, 10 விநாடி ஓய்வு, இப்படி ஏழெட்டுச் சுற்று. ஆறு வாரத்தில் விஓ2 மேக்ஸ் 48-லிருந்து 55 ஆனது. மிதமாக ஒரு மணி நேரம் மிதித்தவர்களுக்கு 53-லிருந்து 58. நான்கே நிமிடம் போதும் என்ற விளம்பரம் இங்கிருந்துதான் வந்தது. ஆனால் தொடக்கத்தில் பின்தங்கியிருந்தவர்களே கூடுதலாக ஏறினார்கள் என்பதையும், மிதமான மிதியும் பலன் தந்தது என்பதையும் விளம்பரம் சொல்வதில்லை. அந்த 20 விநாடியும் உயிரைக் கொடுத்து மிதிப்பது. மினி பஸ்ஸும் ஆடுகளும் குறுக்கே வரும் சாலைக்கு ஆகாது.

நம் ஊருக்குப் பொருந்துவது நார்வே முறை. 2007-இல் ஹெல்கருட் குழு ஓட்டப் பயிற்சியில் சோதித்தது: உச்ச இதயத் துடிப்பில் 90 முதல் 95 சதவீதத்தில் 4 நிமிடம், நடுவே 3 நிமிடம் மெதுவாக, நான்கு சுற்று, வாரம் 3 நாள், 8 வாரம். விஓ2 மேக்ஸ் 7.2 சதவீதம் கூடியது. நிதானமாக நெடுநேரம் ஓடியவர்களுக்குச் சொல்லும்படியான மாற்றம் இல்லை.

சமதளத்தில் அந்த அழுத்தத்தை எட்ட அசுர வேகம் வேண்டுமே என்றால், அங்கேதான் காற்று கைகொடுக்கிறது. ஆடியில் திருக்காட்டுப்பள்ளி, கல்லணைப் பக்கம் மேற்கே திரும்பினால் எதிர்க்காற்று நெஞ்சில் மோதும். வேகமானி 18-ஐத் தாண்டாது, ஆனால் மூச்சு முட்டும். உழைப்பு மலையேற்றத்துக்கு நிகர். விழுந்தாலும் அடி குறைவு. வாடை திரும்பியதும் அய்யம்பேட்டை, கும்பகோணம் பக்கம் போகலாம். கியர் இல்லாத சைக்கிளே போதும்.

இதயத் துடிப்புக் கடிகாரம் இல்லாதவர்களுக்கு எளிய அளவுகோல்: நான்காவது நிமிடத்தில் இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் பேச வரக் கூடாது. முதல் சுற்றின் தொடக்கத்திலேயே அந்த நிலை வந்தால் மிதி அதிகம். கடைசிச் சுற்றை முடிக்க மாட்டீர்கள். சித்திரை வெயிலில் அதே மிதிக்கே துடிப்பு எகிறும் என்பதால், அப்போது கடிகாரத்தைவிட மூச்சை நம்புங்கள்.

அறுவடைக் காலத்தில் சாலையின் பாதியில் நெல் காயும். தார்ச்சாலையில் சிதறிய நெல்மணி மேல் சக்கரம் சறுக்கும். அந்த வாரங்களில் வேறு தடம் பாருங்கள். நாற்பதைத் தாண்டியவர்களும், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும்.

வேலை, குடும்பம் என்று இருப்பவர்களுக்கு வாரம் இரண்டு நாள் இப்படி மிதித்தால் போதும்; மற்ற நாள் பேசிக்கொண்டே ஓட்டலாம். பலன் தெரிய எட்டு வாரம் ஆகும். அதற்குள் மூன்றாவது, நான்காவது கடின நாளைச் சேர்ப்பவர்கள்தான் முழங்கால் வலியோடு சைக்கிளைச் சுவரில் சாத்துகிறார்கள்.