தோள் ஏறாத ஓட்டம்

டேவிட் ருடிஷா என்றதும் எல்லோரும் லண்டனைத்தான் சொல்வார்கள். 2012 ஒலிம்பிக், 800 மீட்டர் இறுதி, 1 நிமிடம் 40.91 வினாடி, உலக சாதனை. சொல்லட்டும், சொல்ல வேண்டிய ஓட்டம்தான். ஆனால் ஓட்டத்தைக் கடிகாரத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் கண்ணாலும் ரசிக்கிறவர்களுக்கு, அதற்கு முந்தைய ஐந்தாறு ஆண்டுகளில்தான் விருந்து இருக்கிறது என்பது என் கட்சி. லண்டனில் அவருக்கு எல்லாமே கைகூடிவிட்டது. அது ஒவ்வொன்றாகக் கைகூடி வந்ததைப் பார்ப்பதில் வேறொரு ருசி உண்டு.

800 மீட்டர் ஒரு பொல்லாத பந்தயம். இரண்டே சுற்று. வேக ஓட்டக்காரர்களுக்கு அது அதிகம், நெடுந்தூரக்காரர்களுக்கு அது போதாது. முதல் வளைவு முடியும்வரை அவரவர் தடத்தில் ஓட வேண்டும். அது முடிந்ததும் எட்டுப் பேரும் உள்தடத்தை நோக்கிச் சாய்வார்கள். முழங்கைகள் இடிபடும், முன்னால் போகிறவரின் குதிகாலை மிதிக்க நேரும், நடுவில் மாட்டிக்கொண்டவர் வழி கிடைக்காமல் தவிப்பார். அதனால்தான் பெரிய போட்டிகளின் இறுதிச் சுற்றுகள் பல, ஒருவரையொருவர் நோட்டம் பார்த்தபடி மெதுவாகத் தொடங்கி, கடைசி 200 மீட்டரில்தான் உண்மையான பந்தயமாக மாறுகின்றன. சாமர்த்தியம் ஜெயிக்கும் இடம் அது. எனக்கு அதில் பெரிய ஈடுபாடு கிடையாது.

இந்த நெரிசலிலிருந்து தப்ப ஒரே நேர்வழி, முதலிலேயே முன்னால் போய்விடுவது. சொல்வது சுலபம். முன்னால் ஓடுகிறவர் எதிர்க்காற்றைத் தானே வாங்கிக்கொள்ள வேண்டும், வேகத்தைத் தானே தீர்மானிக்க வேண்டும், முதுகுக்குப் பின்னால் யார் எப்போது பாய்வார் என்று தெரியாமல் ஓட வேண்டும். நம்மவர் ஸ்ரீராம் சிங் 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக் இறுதியில் அப்படித்தான் முதல் சுற்றில் முன்னால் ஓடினார். இரண்டாவது சுற்றில் கியூபாவின் அல்பெர்ட்டோ ஹுவான்டொரேனா அவரைத் தாண்டி உலக சாதனையோடு தங்கம் வாங்கினார். ஸ்ரீராம் சிங் முடித்தது ஏழாவதாக. ஆனால் அந்த ஏழாவது இடத்து 1 நிமிடம் 45.77 வினாடி, 2018 வரை இந்தியாவின் தேசிய சாதனையாக நின்றது. முன்னால் ஓடும் துணிச்சலுக்கு என்ன விலை, என்ன கூலி என்பதை அந்த ஒரு ஓட்டமே காட்டிவிடும்.

ருடிஷா 1988 டிசம்பரில் கென்யாவின் கில்கோரிஸில் பிறந்த மாசாய் இளைஞர். அப்பா டேனியல் ருடிஷா, 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 4x400 தொடர் ஓட்டத்தில் வெள்ளி வென்ற கென்ய அணியில் இருந்தவர். அம்மா தடை ஓட்டக்காரர். எனவே பையன் 400 மீட்டரிலும், பத்து போட்டிகள் சேர்ந்த டெகத்லானிலும் கால் வைத்ததில் வியப்பில்லை. அவரை 800 பக்கம் திருப்பியவர் பிரதர் கோல்ம் ஓ’கானல்.

இந்த மனிதரைப் பற்றித் தனியாகவே எழுதலாம். அயர்லாந்தைச் சேர்ந்த கத்தோலிக்கத் துறவி. 1976இல் இட்டென் ஊரின் செயின்ட் பேட்ரிக் பள்ளிக்குப் புவியியல் வாத்தியாராக வந்தவர், ஓட்டப் பயிற்சி பற்றி ஒன்றும் தெரியாமலே அதைக் கையில் எடுத்துக்கொண்டார். ரிஃப்ட் பள்ளத்தாக்கின் விளிம்பில், கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் செம்மண் ஊர் இட்டென். 1988 சோல் ஒலிம்பிக்கில் 1500 மீட்டர் தங்கம் வென்ற பீட்டர் ரோனோ அவரிடம் படித்தவர். 800 உலக சாதனையை நெடுநாள் வைத்திருந்த வில்சன் கிப்கெட்டரும் அந்தப் பள்ளியின் பிள்ளைதான். ஓ’கானலின் முறையில் ஆரவாரம் குறைவு. மெதுவான ஓட்டம், முழங்கால் தூக்குவது, பாதம் வைப்பது, கை வீசுவது என்று உடம்பைத் திருத்தும் சின்னச் சின்ன அசைவுகள், திரும்பத் திரும்ப. வேகம் பிறகு வரும் என்பது அவர் நம்பிக்கை. முதலில் காலப்பிரமாணம் உட்கார வேண்டும், துரிதத்துக்கு அவசரமில்லை என்று சொல்லும் பாட்டு வாத்தியாரை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

அந்தப் பயிற்சியின் பலன் ருடிஷாவின் தோளில் தெரிகிறது. 800 ஓட்டத்தில் களைப்பு எங்கே வரும் என்று கவனித்துப் பாருங்கள். 500 மீட்டர் தாண்டியதும் முதலில் தாடை இறுகும். பிறகு தோள்கள் காதை நோக்கி ஏறும். கைகள் முன்னும் பின்னும் போவதை விட்டுவிட்டு மார்புக்குக் குறுக்கே வீசத் தொடங்கும். இடுப்பு இறங்கும், எட்டு சுருங்கும். கால் ஓய்ந்துபோனதை மேல் உடம்புதான் முதலில் காட்டிக்கொடுக்கும். ருடிஷாவிடம் இந்தச் சங்கிலி வெகுநேரம் தொடங்குவதே இல்லை. தலை நிமிர்ந்திருக்கும், தோள் இறங்கியே இருக்கும், உள்ளங்கை தளர்ந்திருக்கும். 1.90 மீட்டர் உயரத்துக்கு அந்த எட்டின் நீளம் எதிர்பார்க்கக்கூடியதுதான். அத்தனை நீளக் கால்கள் வளைவில் தடுமாறாமல் திரும்புவதுதான் அதிசயம். ஹுவான்டொரேனாவும் இதே போல நெடிய ஆள், ஆனால் அவர் ஓட்டத்தில் பலம் கண்ணில் அறையும். ருடிஷாவிடம் பலம் இருப்பதே தெரியாது. யார் உயர்ந்தவர் என்று கேட்டால் தயங்காமல் ருடிஷா என்பேன்.

2006இல் பெய்ஜிங்கில் நடந்த உலக ஜூனியர் போட்டியில் தங்கம் வாங்கியபோது அவருக்கு வயது 17. மறுவருடமே ஜூரிச்சிலும் பிரஸ்ஸல்ஸிலும் பெரியவர்களைத் தோற்கடித்தார். 2008இல் ஆப்பிரிக்க சாம்பியன். அந்த வருட ஒலிம்பிக்குக்குக் காயத்தால் போக முடியவில்லை, தங்கம் இன்னொரு கென்யரான வில்ஃபிரெட் புங்கெய்க்குப் போனது. 2009 ஆகஸ்டில், பெர்லின் உலக சாம்பியன்ஷிப்பில், அரையிறுதியோடு வெளியேறினார்.

அந்தத் தோல்விதான் அவரைச் செதுக்கியது என்று நினைக்கிறேன். அடுத்த மாதமே இத்தாலியின் ரியேட்டியில் 1 நிமிடம் 42.01 வினாடியில் ஓடி, 25 ஆண்டு நின்ற ஆப்பிரிக்க சாதனையை உடைத்தார். உலகின் மிக வேகமான கால்களில் ஒன்று, இறுதிச் சுற்றுக்குக்கூடத் தகுதி பெறாமல் போயிருந்தது! குறை காலில் இல்லை, ஓடிய விதத்தில். கூட்டத்தை நம்பி ஓடுவது இந்த ஆளுக்குச் சரிப்படாது. அதற்குப் பிந்தைய ருடிஷா கூட்டத்துக்குள் இருப்பதே அபூர்வம்.

இனி 2010 ஜூன் 4, ஓஸ்லோவின் பிஸ்லெட் அரங்கம். 1979இல் செபாஸ்டியன் கோ இங்கே 1 நிமிடம் 42.33 வினாடியில் உலக சாதனை படைத்திருந்தார். உலக சாதனை போனாலும், 31 ஆண்டுகளாக இந்த மைதானத்தில் அதைவிட வேகமாக யாரும் ஓடவில்லை. ருடிஷாவுக்கு வயது 21. எதிரே சூடானின் அபூபக்கர் காக்கி, இன்னும் 21 முடியாதவர், இரண்டு முறை உள்ளரங்க உலக சாம்பியன். இரண்டு வருடம் முன்பு இதே தளத்தில் உலக ஜூனியர் சாதனை படைத்தவர் வேறு. உயரத்தில் ருடிஷாவைவிடக் குறைவு, துணிச்சலில் ஒரு மாற்றுக் குறைவில்லை. ருடிஷா 1 நிமிடம் 42.04, காக்கி 1 நிமிடம் 42.23. இருவருமே கோவின் நேரத்தைக் கடந்துவிட்டார்கள்!

லண்டனில் ருடிஷாவைத் துரத்தியவர்கள் வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும்தான் ஓடினார்கள். ஓஸ்லோவில் காக்கி வெற்றிக்காகத் துரத்தினார். அழகாக ஓடுவது தனியாக ஓடும்போது பெரிதில்லை. பிடரியில் ஒருவர் மூச்சு படும்போதும் அந்த உருவம் கலையாமல் இருப்பதுதான் பெரிது. அந்த வகையில் ருடிஷாவின் தலைசிறந்த ஓட்டம் இதுதான் என்பேன், சாதனைப் பட்டியல் என்ன சொன்னாலும்.

பட்டியலும் நெடுநாள் காத்திருக்கவில்லை. 2010 ஆகஸ்ட் 22, அதே பெர்லின், அவர் அரையிறுதியில் தோற்ற அதே நீலத் தளம். பயிற்சித் தோழர் சாமி தங்குய் வேகம் கொடுக்க, முதல் சுற்று 49 வினாடிக்குள் முடிந்தது. பேஸ்மேக்கர்களைக் கூலிக்கு ஓடுகிறவர்கள் என்று அலட்சியமாகப் பேசுவதுண்டு. அந்தச் சுற்றை அவ்வளவு சீராக ஓடிக்கொடுப்பது எத்தனை பேரால் முடியும்? 1 நிமிடம் 41.09 வினாடி. கிப்கெட்டரின் 1 நிமிடம் 41.11 போயிற்று. 13 ஆண்டு நிறைய அதற்கு இன்னும் இரண்டே நாள் பாக்கி. ஒரு வாரம் கழித்து ரியேட்டியில் 1 நிமிடம் 41.01. அந்த ஆண்டின் உலகின் சிறந்த தடகள வீரர் என்ற விருதும் கிடைத்தது. அதுவரை அதைப் பெற்ற ஆண்களில் அவரே இளையவர்.

ஓஸ்லோ ஓட்டம் இணையத்தில் கிடைக்கும். நேரம் ஓடும் மூலையைக் கையால் மறைத்துக்கொண்டு பாருங்கள். கடைசி 300 மீட்டரில் கால்களை விட்டுவிட்டு இருவரின் தோள்களையும் கவனியுங்கள். யார் ஜெயிக்கப் போகிறார் என்பது கோட்டை எட்டும் முன்பே தெரிந்துவிடும்.