கேளாமல் செய்த நன்மை

திருச்செங்கோட்டு மலையைச் சுற்றிலும் மழையை நம்பிய மேட்டுநிலங்கள் விரிந்து கிடக்கின்றன. சோளமும் கம்பும் நிலக்கடலையும் விளையும் அக்காடுகளின் வாழ்க்கையைத் தமிழ் நாவலுக்குள் நிலைபெறச் செய்தவர் பெருமாள்முருகன். அவருடைய 'மாதொருபாகன்' 2010ஆம் ஆண்டு வெளிவந்தது. பின்னர் அந்நூலுக்கு எழுந்த எதிர்ப்பையும், 2015 ஜனவரியில் தாம் எழுத்தைக் கைவிடுவதாக ஆசிரியர் அறிவித்ததையும், 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்ததையும் யாவரும் அறிவர். அந்தக் கூச்சலில் ஓர் இழப்பு நேர்ந்தது. திருவிழாவின் ஓர் இரவைப் பற்றியே எல்லோரும் பேசினார்கள். அந்த இரவுக்கு முன்னும் பின்னும் இருந்த வீட்டைப் பற்றிப் பேசியவர் சிலரே. நாவலின் உயிர் அந்த வீட்டில்தான் இருக்கிறது.

காளியும் பொன்னாளும் ஒருவரையொருவர் உயிராக நேசிப்பவர்கள். மணமாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியும் மகவு இல்லை. வேண்டாத நேர்ச்சை இல்லை. ஏறாத படி இல்லை. மறுமணம் செய்துகொள்ளுமாறு சுற்றத்தார் வற்புறுத்தியும் காளி இணங்கவில்லை. இந்தத் தம்பதியர்மீது அன்பு கொண்டவர்கள் மூவர்: காளியின் தாய் சீராயி, பொன்னாளின் தாய் வல்லாயி, அவள் அண்ணன் முத்து. முத்துவோ காளிக்கு இளமைத் தோழனுமாவான். இம்மூவருள் ஒருவரையேனும் தீயவர் என்று சொல்ல நமக்கு மனம் வராது. ஆயினும், அந்த இல்லறத்தை உடைத்தவர்கள் இவர்களே. கணவன் சம்மதித்துவிட்டான் என்று பொன்னாளிடம் பொய் சொல்லப்படுகிறது. மதுவருந்த அழைத்துச் செல்லும் சாக்கில் காளி அப்புறப்படுத்தப்படுகிறான். இருவருக்கும் நன்மை செய்வதாக நம்பிக்கொண்டே, இருவரையும் ஒருசேர ஏமாற்றிவிடுகிறார்கள்.

இதைக் கொடுமை என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. தன்னலம் என்று சொல்லத்தான் துணிவு வேண்டும். பிள்ளையில்லாத மகளைப் பெற்றவள் என்ற பேச்சு வல்லாயியை அரிக்கிறது. குலம் தன் மகனோடு முடிந்துவிடுமோ என்ற அச்சம் சீராயியைத் தூங்கவிடவில்லை. தங்கள் நெஞ்சிலுள்ள முள்ளைப் பிடுங்கிக்கொள்ளவே அவர்கள் முயன்றார்கள். அம்முயற்சிக்குப் பொன்னாளின் நன்மை என்று பெயரிட்டுக்கொண்டார்கள். ஆசிரியர் இதனை எங்கும் விளக்கியுரைக்கவில்லை. பேச்சின் போக்கிலேயே புலப்படுத்துகிறார். இங்கு ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும்: முதல் நாவலில் இரு தாயாரின் குரலும் பல இடங்களில் ஒன்றுபோலவே ஒலிக்கின்றது, யார் பேசுகிறார் என்று பெயரைப் பார்த்தே அறிய நேர்கிறது.

ஆனால், என்னை நெடுநாள் உறுத்தியது காளியின் செயல்தான். அந்த இரவுக்கு நெடுநாள் முன்பே அவன் மனைவியைக் கேட்டுவிடுகிறான், நீ போவாயா என்று. அவன் விரும்பினால் போவதாக அவள் விடையளிக்கிறாள். அவ்விடை அவனைச் சுட்டுவிடுகிறது. சிறுகச் சிறுக விலகுகிறான். அவன் கேட்டது கேள்வியா, சோதனையா? தான் எதிர்பார்த்த விடை ஒன்றை மனத்தில் ஒளித்துவைத்துக்கொண்டு, அது வருகிறதா என்று பார்த்தான். அவளோ அவன் விருப்பம் எதுவென்று தேடியே விடை சொன்னாள். இவ்வளவு நேசமுள்ள கணவனுக்கும் மனைவியின் உள்ளத்தைக் கேட்டறியத் தெரியவில்லை. கதை அங்கேயே முறிந்துவிட்டது. திருவிழா ஒரு காரணமாக வந்து சேர்ந்ததே அன்றி வேறில்லை.

நம் இல்லங்களில் நிக்காஹ் நாளன்று வக்கீலும் சாட்சிகளும் மணமகளின் சம்மதத்தைக் கேட்டு வருகிறார்கள். அவள் சரி என்ற பிறகுதான் பதிவேட்டில் கையொப்பம் விழுகிறது. எத்துணை அழகிய முறை! அந்த ஒரு நாளைக்குப் பின் அவளை எவரேனும் எதையேனும் கேட்கிறார்களா? கருவுறவில்லையே என்று மருத்துவரிடம் அழைத்துப்போகும் மாமியும், நகையை அடகுவைக்கும் கணவனும், தங்கையின் படிப்பை நிறுத்தும் தமையனும் அவள் நன்மைக்கே என்றுதான் சொல்வார்கள். பொன்னாளின் கதையை வேற்றார் வீட்டு வழக்கம் என்று ஒதுக்கிவிட்டு நாம் நிம்மதியாக இருக்க முடியாது.

2014இல் ஆசிரியர் இக்கதைக்கு இரண்டு தொடர்ச்சிகளை எழுதினார். ஒன்றில் காளி தன்னையே மாய்த்துக்கொள்கிறான், மற்றொன்றில் உயிரோடிருக்கிறான். உயிரோடிருக்கும் 'அர்த்தநாரி'யே எனக்குப் பெரிய துயரமாகத் தோன்றுகிறது. தொண்டுப்பட்டியில் ஒதுங்கிக் கிடக்கும் அவன் மனைவியைப் பேச்சின்மையால் தண்டிக்கிறான். பக்கங்கள் நீண்டு செல்வதாகவும், படிக்க அலுப்பாக இருப்பதாகவும் குறை கூறுவோர் உண்டு. அந்த அலுப்பை நான் குற்றமாக எண்ணவில்லை. பேசாதிருக்கும் ஒருவனோடு ஒரே வளவில் நாளைக் கழிப்பவளுக்குப் பொழுது அப்படித்தானே நகரும்? தன் புண்ணொன்றையே பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு எதிரே இருப்பவளின் புண் தெரிவதில்லை.

'பூக்குழி' 2013இல் வந்த நாவல். தோலூரிலிருந்து சரோஜாவை மணந்து அழைத்துவரும் குமரேசன், வெயில் கொதிக்கும் பாறைமேல் அமைந்த குடிசையில் அவளைத் தாய் மாராயியிடம் விட்டுவிட்டுச் சோடாக் கடைத் தொழிலுக்குப் போய்விடுகிறான். எல்லாம் சரியாகிவிடும் என்பது அவனுடைய ஓயாத வாக்கு. மாராயியின் வசவை எல்லோரும் கண்டிப்பார்கள். குமரேசனின் இனிய வாக்கை நான் அதற்குச் சற்றும் குறையாத கேடாகவே கருதுகிறேன். ஊரின் சினம் எத்தகையது என்பதை அவன் ஓரளவு அறிவான், அவளுக்குச் சொல்லவில்லை. சொன்னால் அவள் வாராது போய்விடுவாள் என்ற அச்சம் அன்பாகுமா? முட்புதருக்குத் தீ வைக்கப்படும் இறுதிக் கட்டத்தில் அவனுடைய சைக்கிளுக்காகவே நம் செவி ஏங்குகிறது.

முதல் நாவலான 'ஏறுவெயில்' (1991), குடியிருப்புக் கட்டுவதற்காக நிலம் போன பின் ஓர் உழவர் குடும்பம் பணத்தால் பிளவுபடுவதைச் சொல்வது. அதில் தன்னலம் முகமூடியின்றியே நடமாடுகிறது; ஆகவே அடையாளம் காண்பதும் எளிது. பிற்கால நாவல்கள் கடினமானவை.

'ஆலவாயன்' என்னும் மற்றொரு தொடர்ச்சியில், காளி இறந்த பின் சீராயியும் வல்லாயியும் பொன்னாளைத் தனியே விடாமல் காத்து நிற்கிறார்கள். இரவில் ஒருத்தி கண்ணயர்ந்தால் மற்றவள் விழித்திருக்கிறாள். முதல் நாவலில் பிரித்தறிய முடியாதிருந்த அவ்விரு குரல்களும் இங்கே தனித்தனியாகக் கேட்கின்றன. மகனை இழந்தவள் மருமகளைச் சபிக்கக் காரணங்கள் பல இருந்தும் சபிக்கவில்லை. தான் செய்ததை அவள் அறிவாள்.