பல்கலைக்கழகம் யாருக்கு உரியது?

பல்கலைக்கழக அனுமதியில் நீதி கிடைத்துவிட்டால் உயர்கல்வியிற் சமத்துவம் நிலைநாட்டப்பட்டுவிடும் என்று நம்மவருட் பலர் கருதிவருகின்றனர். அனுமதி பற்றிய கசப்பான வரலாறே இதற்குக் காரணமாகலாம். 1971இல் தரப்படுத்தலும் 1974இல் மாவட்டக் கோட்டா முறையும் புகுத்தப்பட்ட காலந்தொட்டு, யார் உள்ளே செல்கின்றனர் என்பதே நம் விவாதங்களின் மையமாயிற்று. இன்றைய முறையிற் பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்பவும், 5 சதவீதம் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. இக்கணக்கு இன்றியமையாதது. எனினும், உள்ளே சென்றவன் அவ்விடத்தைத் தனக்கும் உரியதென உணர்கின்றானா என்ற வினாவுக்கு இக்கணக்கில் விடையில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன், தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் மகன், பல்கலைக்கழகஞ் சென்று முதல் விடுமுறையில் என்னைக் காண வந்தான். விரிவுரைகள் எவ்வாறுள்ளன என்று வினவினேன். “பாடம் வெளங்குது சேர். ஆனா நான் இன்னும் ஒரு கேள்விகூடக் கேட்டதில்ல. வாயத் தொறந்தா எந்தப் பக்கத்து ஆளுன்னு தெரிஞ்சிடும்” என்றான். ஆங்கிலம் அவனை அச்சுறுத்தியது உண்மை. அதனினும் அதிகமாக அவனை அச்சுறுத்தியது சக தமிழ் மாணவரின் பரிகாசமேயாகும்.

இத்தகைய அந்நியத்தன்மையை ஆராய்ந்தோருள் அமெரிக்கக் கல்வியியலாளர் வின்சென்ற் ரின்ரோ முக்கியமானவர். மாணவர் படிப்பை இடைநடுவில் விடுவது ஏன் என 1975இல் அவர் ஒரு விளக்கம் அளித்தார். சமூகப் பிணைப்புத் தளர்வதற்கும் தற்கொலைக்கும் எமில் டேர்க்ஹைம் கண்ட தொடர்பை ஆதாரமாகக் கொண்டு, பல்கலைக்கழக வாழ்வோடு ஒன்றிணையாத மாணவனே விலகுகின்றான் என்றார். பின்னர், வான் ஜெனெப் என்ற மானிடவியலாளர் 1909இல் விளக்கிய பருவமாற்றச் சடங்குகளையும் தம் கொள்கையிற் சேர்த்துக்கொண்டார். பழைய சமூகத்தைப் பிரிதல், இடைநிலையில் நிற்றல், புதிய சமூகத்தோடு இணைதல் என்பன அச்சடங்குகளின் மூன்று படிகளாம்.

இக்கொள்கையின் அடிப்படைத் தவற்றை 1992இல் வில்லியம் ரியேர்ணி சுட்டிக்காட்டினார். பருவமாற்றச் சடங்கு ஒரு சமூகம் தன் சொந்தப் பிள்ளைகளுக்கு நடத்துவது. சடங்கு முடிந்ததும் பிள்ளை தன்னவரிடமே மீள்கின்றான். பல்கலைக்கழகமோ பூர்வ அமெரிக்கக் குடியிற் பிறந்த இளைஞனை அவனது சமூகத்திலிருந்து பிரித்தெடுத்து, வெள்ளையரின் பண்பாட்டோடு இணையுமாறு வேண்டுகின்றது. இணைய இயலாது போயின், குறை அவனுடையதாகிவிடுகின்றது. பழைய உறவுகளின் துணையும் மாணவனுக்குத் தேவை என்பதை ரின்ரோவும் பிற்காலத்தில் ஏற்றுக்கொண்டார்.

இனம் மாத்திரமன்றி வர்க்கமும் இங்கே தொழிற்படுகின்றது. போர்தியு, பஸ்ஸரோன் என்னும் பிரெஞ்சுச் சமூகவியலாளர் இருவர் 1964இல் ‘வாரிசுகள்’ என்ற பொருள்படும் நூலை வெளியிட்டனர். உயர்தர நிர்வாகியின் மகன் பல்கலைக்கழகம் புகும் வாய்ப்பு, விவசாயக் கூலியின் மகனுக்குள்ள வாய்ப்பைப்போல் 80 மடங்கும், தொழிலாளியின் மகனுக்குள்ளதைப்போல் 40 மடங்கும் எனக் காட்டினர். புகுந்த பின்னரும் வேற்றுமை மறைவதில்லை. வீட்டிலே கிடைத்த மொழியும் இரசனையும் பேச்சு நயமும் ‘இயற்கைத் திறமை’ எனப் போற்றப்படுகின்றன. அவை வாய்க்காதவன் தன்னையே மந்தபுத்தியுடையவனென நம்பிவிடுகின்றான்.

புதியவன் தன்னைத் துறந்தாலன்றி இணைய முடியாது என்னும் இக்கருத்தின் கொடூர வடிவமே நம் நாட்டின் பகிடிவதை. செல்வர், வறியர், நகரத்தார், கிராமத்தார் என்ற பேதங்களை அழித்து யாவரையும் சமமாக்குவதாக அதனை நடத்துவோர் நியாயம் கூறுவர். முற்போக்குச் சொற்கள் அதற்குத் துணைக்கழைக்கப்படுவது நாம் வெட்கப்பட வேண்டியதொன்று. ஆங்கிலத்தைச் சிங்கள மாணவர் ‘கடுவ’, அதாவது வாள், என வழங்கியமைக்குப் பின்னே உண்மையான வர்க்க வேதனை உண்டு. அதனை நாம் மறுக்கவில்லை. ஆயின், அவமானத்தைச் சமமாகப் பங்கிடுவது சமத்துவமாகாது. நேற்று அடங்கியவன் இன்று அடக்குபவனாகும் இவ்வழக்கம் அதிகாரப் படிநிலையையே பயிற்றுவிக்கின்றது. 1997இற் பேராதனைப் பொறியியல் மாணவர் ஒருவர் இதற்கு உயிர்ப்பலியானார். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கிய பின்னரும் அது ஒழிந்தபாடில்லை.

ஆகவே, இத்துறை ஆய்வுகள் தம் வினாக்களைத் திருப்பிப்போட வேண்டும். “நீ இங்கே ஒன்றிப்போய்விட்டாயா?” என்று மாணவனை மட்டும் கேட்டுப் புள்ளியிடுவதாற் பயன் சிறிது. எவருடைய பேச்சுவழக்கு விரிவுரை மண்டபத்திற் சிரிப்புக்கிடமாகின்றது? தாய்மொழியிற் பயில்வோருக்கு நூலகத்தில் எத்தனை நூல்கள் உள்ளன? தோட்டத்து வாழ்க்கை பாடத்தில் எங்கேனும் இடம்பெறுகின்றதா? இவ்வினாக்கள் தாபனத்தை நோக்கி எழுப்பப்படல் வேண்டும்.

ஆசிரியராகிய நாமும் இவ்விசாரணைக்குப் புறம்பானவர் அல்லர். அம்மாணவனின் கட்டுரைகளில் மலையக வழக்குச் சொற்கள் வந்த இடமெல்லாம் ‘கொச்சை’ எனச் சிவப்பு மையாற் கோடிட்டவன் நானே. உரையாடலில் வந்த சொல்லையும் நான் விட்டுவைத்ததில்லை. எழுத்துத் தமிழைக் கற்பிப்பது என் கடமை. அவனது தாய் பேசும் தமிழை இழிவெனக் கற்பிக்க எனக்கு உரிமையில்லை. விரிவுரை மண்டபத்தில் அவன் வாய்திறவாதிருந்தமைக்கான முதற் பயிற்சியை எனது வகுப்பறையிலேயே பெற்றிருக்கின்றான் என்பதை இன்று உணர்கின்றேன். திருத்தம் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.