கண்காணியும் ஆயரும்

பழைய நூலொன்றை மொழிபெயர்ப்பின் வழியாகக் கற்போர், மொழிபெயர்த்தவர் காட்டியதை மட்டுமே காண இயலும். அவர் மறைத்ததை, அறிந்து மறைத்திருப்பினும் அறியாது மறைத்திருப்பினும், காண இயலாது. மூலத்தில் ஒன்றாக நின்ற சொல் மொழிபெயர்ப்பில் இரண்டாகப் பிரியலாம். இரண்டாக நின்றவை ஒன்றாகிவிடலாம். இதனால் கெடுவது இலக்கியச் சுவை மட்டுமன்று. ஒரு சமயத்தின் ஆட்சியுரிமை யாருக்கு உரியது என்னும் பெரிய வழக்கே சிலபோது ஒரு சொல்லைப் பற்றி நிற்கும். தொடக்க காலக் கிறித்தவ நூல்களைக் கிரேக்க மூலத்திலேயே கற்றல் வேண்டும் என்று அறிஞர் வற்புறுத்துவது ஏன் என்பதற்கு, 'எபிஸ்கொபொஸ்' என்னும் ஒரு சொல்லின் வரலாறே தக்க சான்றாகும்.

சொல் பிறந்த இடம்

'எபி' என்பது மேல். 'ஸ்கொபொஸ்' என்பது நோக்குபவன். ஆகவே எபிஸ்கொபொஸ் மேற்பார்வை செய்பவன். இச்சொல் கோயிலில் பிறந்ததன்று. ஏதென்சு நகரத்தார் தமக்கு அடங்கிய ஊர்களுக்கு அனுப்பிய மேற்பார்வை அலுவலர்க்கு இப்பெயர் வழங்கியது. கி.மு. 414-இல் அரங்கேறிய 'பறவைகள்' என்னும் நகைச்சுவை நாடகத்தில், அத்தகைய அலுவலர் ஒருவரை அரிஸ்டோபனீஸ் எள்ளி நகையாடுகிறார்.

புதிய ஏற்பாட்டின் கிரேக்கம் பிளேட்டோவின் கிரேக்கம் அன்று. அதனால் அதனைத் தனியானதொரு தெய்வ மொழி என்று கருதியவர்களும் இருந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எகிப்திய மணலிலிருந்து பாப்பிரசுச் சுவடிகள் ஏராளமாகக் கிடைத்தன. கடிதமும் கடன் சீட்டும் வரி இரசீதுமாகிய அவற்றை ஆராய்ந்த செருமானிய அறிஞர் அடோல்ப் டைஸ்மான், அக்கால மக்களின் பொதுவழக்குக் கிரேக்கமே புதிய ஏற்பாட்டிலும் உள்ளது என்பதை 1908-இல் வெளியிட்ட நூலில் விரித்துக் காட்டினார். எபிஸ்கொபொசும் அவ்வாறு மக்கள் வழக்கிலிருந்து வந்த சொல்லே. அதுவே இலத்தீன் வழியாக ஆங்கிலம் புகுந்து 'பிஷப்' என உருமாறியது. இன்று அச்சொல்லைக் கேட்பவர் மனத்தில் அரியணையும் செங்கோலும் முடியும் தோன்றுகின்றன. முதல் நூற்றாண்டில் கேட்டவர்க்கு அவை தோன்றியிரா.

ஒரு சொல், இரு பெயர்ப்பு

அப்போஸ்தலர் பணிகள் என்னும் நூலின் இருபதாம் அதிகாரத்தில், பவுல் மிலேத்து நகரிலிருந்து எபேசுத் திருச்சபையின் மூப்பர்களை அழைத்து விடைபெறுகிறார். அழைக்கப்பட்டவர்களைக் கிரேக்க மூலம் 'பிரெஸ்புத்தெரொஸ்', அதாவது மூப்பர், என்கிறது. சில அடிகளுக்குப் பின் அதே மனிதரைப் பவுல் எபிஸ்கொபொஸ் என்கிறார். மூப்பரும் மேற்பார்வையாளரும் அங்கு வேறு வேறு படிநிலையினர் அல்லர். ஒரே கூட்டத்தார்க்கு இரு பெயர்கள்.

1611-இல் வெளிவந்த புகழ்மிக்க ஆங்கில விவிலியத்தில் இவ்வுண்மை மறைந்துவிட்டது. அவ்விடத்தில் மேற்பார்வையாளர் எனப் பொருள்படும் 'ஓவர்சியர்' என்னும் சொல்லை அதன் ஆசிரியர்கள் இட்டனர். பிலிப்பியருக்கு எழுதிய மடலின் தொடக்கத்தில் அதே கிரேக்கச் சொல் வரும்போதோ 'பிஷப்' என்று பெயர்த்தனர். ஆங்கிலம் மட்டும் கற்றவர் இவ்விரண்டும் ஒரே சொல் என்பதை எங்ஙனம் அறிவார்? மூப்பர்களே பிஷப் எனப்பட்டனர் என்பது அவர் கண்ணுக்குப் புலனாகவே இல்லை.

இது தற்செயல் என்று தள்ளிவிடுதல் எளிதன்று. அம்மொழிபெயர்ப்பாளர்களுக்கு வகுக்கப்பட்ட விதிகளுள் ஒன்று, திருச்சபையில் வழங்கிவந்த பழைய சொற்களை மாற்றாது காத்தல் வேண்டும் என்பது. அதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்னரே, 1526-இல், வில்லியம் டிண்டேல் கிரேக்கத்திலிருந்து நேரே பெயர்த்தபோது 'பிரீஸ்ட்' என்பதை விடுத்து 'மூத்தவர்' என்றும், 'சர்ச்' என்பதை விடுத்துக் 'கூட்டம்' என்றும் பொருள்படும் சொற்களை இட்டார். சர் தாமஸ் மோர் 1529-இல் இச்சொற்களைக் கடுமையாகத் தாக்கினார். டிண்டேல் 1536-இல் சமய மாறுபாட்டுக் குற்றத்திற்காகக் கொல்லப்பட்டார். 1646-இல் ஆங்கிலப் பாராளுமன்றம் பிஷப் பதவியையே ஒழித்தது. 1660-இல் மன்னராட்சி மீண்டபோது அப்பதவியும் மீண்டது. சொல்லுக்காக நிகழ்ந்த போராட்டம் எத்துணைப் பெரிய அதிகாரப் போராட்டத்தின் பகுதி என்பது இதனால் விளங்கும்.

'தியாகொனொஸ்' என்னும் சொல்லுக்கும் இந்நிலையே நேர்ந்தது. பிலிப்பியர் மடலில் அது 'டீக்கன்' என்னும் பதவிப் பெயராயிற்று. உரோமையர் மடலின் இறுதி அதிகாரத்தில் பெபேயாள் என்னும் பெண்ணைப் பவுல் அதே சொல்லால் குறிக்கும்போது, 1611 ஆங்கிலத்தில் அவர் வெறும் 'ஊழியர்' ஆகிவிட்டார். ஆணுக்குப் பதவி, பெண்ணுக்கு ஊழியம் என்னும் வேறுபாடு மூலச் சொல்லில் இல்லை. பெபேயாள் முறையான பதவி வகித்தாரா என்பது அறிஞர் ஆராயவேண்டிய வினா. ஆயினும் அப்படியொரு வினா உண்டு என்பதே மொழிபெயர்ப்பால் மறைந்தது என்பதுதான் குறை.

நடுநிலை கண்ட அறிஞர்

மூலமொழிக் கல்வி தம் கட்சிக்குத் துணை செய்யும் என்று எண்ணி அதனை நாடுவோர் உளர். அத்தகையோர் கற்கவேண்டியது சே. பி. லைட்புட் என்னும் ஆங்கிலப் பேரறிஞரின் வரலாறு. பிஷப் ஆட்சியுடைய ஆங்கிலத் திருச்சபையைச் சேர்ந்த அவர், 1868-இல் பிலிப்பியர் மடலுக்கு உரை வெளியிட்டார். புதிய ஏற்பாட்டில் மூப்பரும் எபிஸ்கொபொசும் ஒருவரே என்றும், மூப்பர் குழுவிலிருந்து ஒருவர் உயர்ந்து தனிப் பதவி பெற்றது பிற்கால வளர்ச்சி என்றும் அந்நூலில் நிறுவினார். நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த எரோணிமுசும் இவ்வொற்றுமையைக் கண்டு எழுதியவரே.

பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1883-இல், 'திதாக்கே' என்னும் பழைய நூல் அச்சேறியது. கிரேக்கப் பேராயர் பிலொத்தேயொஸ் பிரியென்னியொஸ் 1873-இல் கான்ஸ்டாண்டிநோபிளில் கண்டெடுத்த, 1056-இல் எழுதப்பட்ட ஏட்டில் அது இருந்தது. அந்நூல் எபிஸ்கொபொசுகளையும் தியாகொனொசுகளையும் தேர்ந்துகொள்ளுமாறு திருச்சபையினர்க்குப் பன்மையிலேயே கூறுகிறது. ஊருக்கு ஒரே தலைவர் என்னும் முறை அதில் இல்லை. லைட்புட்டின் முடிவு இதனால் மேலும் வலுப்பெற்றது.

எனினும் அவர் அத்துடன் நிற்கவில்லை. அந்தியோக்கியா இக்னாத்தியுசின் ஏழு மடல்களைப் போலி எனத் தள்ளியோர் பலர். ஏனெனில் அவற்றில் ஒரு பிஷப், அவரைச் சூழ்ந்த மூப்பர், டீக்கன்கள் என்னும் மூன்று படிகளும் தெளிவாக உள்ளன. அம்மடல்கள் உண்மையானவையே என்று லைட்புட் 1885-இல் விரிவாக நிறுவினார். இரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே, சில ஊர்களிலேனும், தனி பிஷப் முறை வேரூன்றிவிட்டது என்பது அதன் முடிபு. முதல் ஆய்வு ஒரு கட்சிக்கு உவப்பு. இரண்டாவது எதிர்க்கட்சிக்கு உவப்பு. அவரோ இரண்டையும் சொன்னார். 1879 முதல் அவரே டர்ஹாம் நகரின் பிஷப்பாகவும் இருந்தார் என்பது நினைக்கத்தக்கது. அவரும் உறுப்பினராயிருந்த குழு 1881-இல் வெளியிட்ட திருத்தப் பதிப்பில், மிலேத்து உரையிலும் 'பிஷப்' என்றே பெயர்த்து, முன்னிருந்த சொல்லை ஓரக்குறிப்பில் இட்டனர். மறைந்திருந்த ஒற்றுமை இருநூற்றெழுபது ஆண்டுகளுக்குப் பின் ஆங்கிலத்தில் வெளிப்பட்டது.

தமிழ்ப் பெயர்ப்பின் சிறப்பும் குறையும்

தமிழில் புதிய ஏற்பாடு தொடக்கத்திலேயே கிரேக்கத்திலிருந்து பெயர்க்கப்பட்டது. சீகன்பால்கு தரங்கம்பாடியில் பெயர்த்த அந்நூல் 1714, 1715 ஆம் ஆண்டுகளில் அச்சேறியது. சீர்திருத்தச் சபையாரிடை நெடுங்காலமாக வழங்கிவரும் தமிழ் விவிலியத்தில், மிலேத்து உரையிலும் பிலிப்பியர் மடலிலும் எபிஸ்கொபொஸ் 'கண்காணி' என்றே நிற்கிறது. 1611 ஆங்கிலம் பிரித்ததைத் தமிழ் பிரிக்கவில்லை. தமிழில் மட்டும் கற்றவரும் கூர்ந்து நோக்கினால் இரண்டிடத்தும் ஒரு சொல்லே இருப்பதைக் காணலாம். ஆனால் தியாகொனொஸ் அங்கும் பிரிந்தே உள்ளது. பிலிப்பியில் 'உதவிக்காரர்', பெபேயாளுக்கு 'ஊழியக்காரி'.

கண்காணி என்னும் சொல் மூலத்திற்கு மிகப் பொருத்தமானது. சோழர் கல்வெட்டுக்களில் கோயில் காரியங்களை மேற்பார்த்தோர் மாகேசுவரக் கண்காணி எனப்பட்டனர். ஆயினும் இங்கு ஓர் இடர்ப்பாடும் உண்டு. மலாயாத் தோட்டங்களில் ஆள் திரட்டி வந்து வேலை வாங்கியவருக்கும் அதே பெயர். அம்முறையில் ஆள் எடுப்பதை 1938-இல் இந்திய அரசு தடுத்து நிறுத்திய பின்னும், பெயரின் கசப்பு நீங்கவில்லை. பால்மரக் காட்டில் வளர்ந்த ஒருவர் விவிலியத்தில் கண்காணி என்று படிக்கும்போது, அவர் மனத்தில் எழும் உருவம் பவுல் எண்ணியதும் அன்று. மொழிபெயர்த்தவர் எண்ணியதும் அன்று. சொல் மாறவில்லை, வழக்கு மாறிவிட்டது.

வேர்ச்சொல் மட்டும் போதுமா?

ஆகவே சொல்லைப் பகுத்து வேர் கண்டவுடன் பொருளும் கண்டதாகக் கொள்ளுதல் பிழை. விவிலியச் சொற்களுக்கு வேர்ப்பொருள் கூறி, அதன்மேல் சமயக் கொள்கைகளைக் கட்டிய முறையை ஜேம்ஸ் பார் என்னும் அறிஞர் 1961-இல் வெளியிட்ட நூலில் வன்மையாகக் கண்டித்தார். ஒரு சொல்லின் பொருளை அது தொடரில் பயின்ற வழக்கே உணர்த்தும் என்பது அவர் கொள்கை. வேர்ச்சொல் ஆராய்ச்சியில் பேரார்வம் காட்டும் தமிழாசிரியர்களும் இதனை எண்ணிப் பார்த்தல் நலம். 'கண்' என்பதையும் 'காண்' என்பதையும் பிரித்துக் காட்டினால், சோழர் காலக் கண்காணியையும் தோட்டத்துக் கண்காணியையும் வேறுபடுத்தி அறிய முடியுமா?

மூலமொழி கற்பவர் புதையல் காணும் ஆசையோடு செல்கின்றனர். அவர்கள் முதலிற் பெறுவது ஐயமே. தெளிவென்று நம்பியிருந்தது மொழிபெயர்த்தவரின் முடிவு என்பது தெரிய வருகிறது. அதன்பின் ஒரு சொல் பயின்ற இடங்களையெல்லாம் தேடி ஒப்பிடும் பொறுமையும், தமக்கு உவப்பற்ற சான்றையும் மறைக்காது சொல்லும் நேர்மையும் வேண்டும். லைட்புட்டிடம் இவ்விரண்டும் இருந்தன. கிரேக்கம் கற்றோர் பலராயினும் அவர் நூல்கள் இன்றும் மதிக்கப்படுவதற்குக் காரணம் அதுவே.