கிறித்தவ வழிபாட்டில் பேண்டு வாத்தியம்: ஒரு மதிப்பீடு

இசையையும் பக்தியையும் பிரித்துப் பார்க்கும் வழக்கம் தமிழரிடம் என்றும் இருந்ததில்லை. எனினும் நம்மவர் இசைத்தமிழைப் பற்றி எழுதப் புகும்போது யாழையும் வீணையையும் நாகசுவரத்தையும் போற்றுகின்றனரேயன்றி, பேண்டு வாத்தியத்தைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அது அந்நியர் விட்டுச் சென்ற பட்டாளத்து ஓசை என்பதும், ஊர்வலத்து ஆரவாரம் என்பதும் அவர்தம் எண்ணம். பல்லாயிரம் தமிழ்க் கிறித்தவர்களின் விசுவாசத்தையும் மகிழ்ச்சியையும் தாங்கி வந்த ஓர் இசையை இவ்வாறு ஒதுக்குதல் முறையாகுமா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊதுகருவிக்கும் வழிபாட்டிற்குமுள்ள உறவு மிகப் பழையது. திருமறையில் எண்ணாகமம் பத்தாம் அதிகாரம் இரண்டு வெள்ளிப் பூரிகைகளைப் பற்றிக் கூறுகிறது. சபையைக் கூட்டவும், பாளயத்தைப் பெயர்க்கவும், பண்டிகை நாளின் மகிழ்ச்சியை அறிவிக்கவும் அவை பயன்பட்டன. நம் கோயில்களில் திருச்சின்னமும் எக்காளமும் முழங்குவதும் இத்தகையதே. ஆனால், பழைய பூரிகை அழைக்குமேயன்றிப் பாடாது. அதில் சில சுரங்களே எழும். 1818ஆம் ஆண்டில் செருமானியர் இருவர் வால்வு என்னும் அமைப்பிற்குக் காப்புரிமை பெற்றனர். இவ்வமைப்பு பரவிய பின்னரே பித்தளைக் குழல் எல்லாச் சுரங்களையும் ஒலிக்கும் ஆற்றலைப் பெற்றது. மூன்று வால்வுகளை மூன்று விரல்களால் அழுத்தி முழுப் பாடலையும் இசைக்கலாம் என்ற நிலை வந்ததும், இங்கிலாந்தின் சுரங்கத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் இக்கருவியைக் கையிலெடுத்தனர். அவர்தம் பேண்டுகளில் ஏறக்குறைய எல்லாக் கருவிகளுக்கும் விரலமைப்பு ஒன்றே. ஒரு கருவியைக் கற்றவன் பிறிதொன்றிற்கு எளிதில் மாறலாம். பகல் முழுதும் உழைத்தவன் மாலையில் கற்றுக்கொள்ளத்தக்க இசை இது.

இவ்விசையை நற்செய்திப் பணிக்கு உரியதாக்கிய பெருமை இரட்சணிய சேனையைச் சாரும். 1865ஆம் ஆண்டில் வில்லியம் பூத் இலண்டன் நகரின் ஏழை மக்களிடையே தொடங்கிய பணி, 1878ஆம் ஆண்டில் இப்பெயரைப் பெற்றது. அவ்வாண்டிலேயே சாலிசுபரி நகரில் சார்லசு ஃபிரை என்னும் கட்டடத் தொழிலாளரும் அவர்தம் மூன்று புதல்வரும் தெருக்கூட்டங்களில் பித்தளைக் கருவிகளை வாசித்தனர். அதுவே சேனையின் முதல் பேண்டாயிற்று. 1882 செப்டம்பரில் பிரடரிக் டக்கர் தலைமையில் நால்வர் மும்பையில் வந்திறங்கினர். இசையுடன் வீதியில் ஊர்வலம் சென்றமைக்காகக் காவலர் அவர்களைக் கைது செய்தனர். 1883ஆம் ஆண்டில் டக்கர் சிறைத் தண்டனையும் பெற்றார். பிரம்ம சமாஜத்தைச் சார்ந்த கேசவ சந்திர சென் அவர்களுக்காகக் குரல் கொடுத்தார். வீதியில் எழும் மகிழ்ச்சி வெள்ளையர் ஆட்சிக்கே குற்றமாகத் தோன்றியது! பேண்டு வாத்தியம் முற்றிலும் ஆள்வோரின் இசை என்பார் இவ்வரலாற்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சேனையின் பணி பின்னர் நாகர்கோவில் வட்டாரத்தில் வேரூன்றியது. மரபுத் தமிழ்ச் சமுதாயத்தில் இசைக்கருவியும் பிறப்போடு பிணைக்கப்பட்டிருந்தது என்பதை நாம் மறைத்தல் ஆகாது. மங்கல வாத்தியம் சில குலத்தார்க்கே உரியதாயிற்று; சாவு வீட்டில் பறையறைதல் ஒடுக்கப்பட்டோர்மீது கட்டாயக் கடமையாகச் சுமத்தப்பட்டது. இன்று பறை தன்மானத்தின் இசையாக மீட்கப்பட்டிருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால், அம்மீட்சிக்கு நெடுங்காலம் முன்பு, எக்குலத்துக்கும் சொந்தமில்லாத ஒரு கருவி ஆலயத்தின் வழியே வந்து சேர்ந்தது. தூய சீருடை அணிந்து, வரிசையாக நின்று, கூலிக்கன்றிக் கடவுளுக்காக வாசித்தவன் அடைந்த மகிழ்ச்சியில் இசையின்பம் மட்டுமன்று, நிமிர்ந்து நிற்கும் மானுடத்தின் இன்பமும் கலந்திருந்தது. பேண்டு வாத்தியத்தின் மதிப்பை அளக்கும் முதல் அளவுகோல் இதுவே என்பது என் துணிபு.

இனி, இசை நோக்கில் எழும் குறையை ஆராய்வோம். தமிழ்ச் சீர்திருத்தச் சபைகளில் இருவகைப் பாடல்கள் வழங்குகின்றன. மேலைநாட்டு மெட்டில் அமைந்த பாமாலையும் ஞானப்பாட்டும் ஒரு வகை. இராக தாளங்களில் அமைந்த கீர்த்தனை மற்றொரு வகை. தஞ்சை வேதநாயக சாத்திரியார் (1774 - 1864) போன்றோர் கிறித்தவக் கீர்த்தனையை வளர்த்த அதே தஞ்சையில், சரபோசி மன்னர் மேனாட்டு பேண்டு ஒன்றையும் வைத்திருந்தார். முத்துசாமி தீட்சிதர் மேனாட்டு மெட்டுகளுக்குச் சாகித்தியம் அமைத்து நோட்டு சுவரங்களை ஆக்கினார். ஆகவே இவ்விரு மரபுகளின் சந்திப்பு நமக்குப் புதிதன்று.

ஆயினும் சந்திப்பு வேறு, கலப்பு வேறு. பாமாலை நான்கு குரல்களுக்கென ஒத்திசை கொண்டது. பித்தளைக் குழல்கள் அதனைப் பாடும்போது ஆலயமே எழுந்து நிற்பது போன்ற கம்பீரம் பிறக்கிறது. கீர்த்தனையோ ஒரே இசையோட்டத்தில் கமகத்தால் உயிர்பெறுவது. வால்வு சுரத்திலிருந்து சுரத்திற்குப் படிப்படியாகத் தாவும். நாகசுவரம்போல் குழைந்து செல்லாது. கீர்த்தனையின் அடியில் ஒத்திசையைத் திணிக்கும் பேண்டு இராகத்தைச் சிதைக்கிறது, இதனை மறுப்பதற்கில்லை. ஆனால், இது கருவியின் குற்றமன்று, தேர்வின் குற்றம். குழல்கள் ஆதார சுருதியைத் தாங்கி, மெட்டை எளிமையாக ஒன்றி வாசித்து, கமகத்தை மக்களின் குரலுக்கு விட்டுவிடுமானால், கீர்த்தனையும் வாழும், பேண்டும் சிறக்கும். மக்களைப் பாடத் தூண்டுவதே நல்ல பேண்டு; பாடும் வாயை அடைத்துவிடுவது வெறும் முழக்கம்.

மகிழ்ச்சியின் இசை இறுதி ஊர்வலத்தில் ஏன் ஒலிக்கிறது என்று சிலர் வினவுவர். ஒருவரின் மரணத்தை 'மகிமைக்கு உயர்த்தப்பட்டார்' எனக் குறிப்பது இரட்சணிய சேனையின் மரபு. துயரை மறைப்பது அன்று அதன் கருத்து. துயருக்கு அப்பாலும் ஒன்று உண்டு என்னும் நம்பிக்கையே. உரத்த குரலில் அதனைச் சொல்லப் பித்தளையினும் ஏற்ற கருவி அரிது.

சேனை 1935ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கும் 1938ஆம் ஆண்டில் மலாயாவுக்கும் வந்தது. நம் ஜெலாப்பாங்கிற்கு அண்மையில் சிலிபினில் லூர்து அன்னை ஆலயம் விளங்குகிறது. சபைகள் வேறாயினும், வழிபாடு வீதிக்கு வரும்போது அதற்கு ஓர் இசை வேண்டும் என்னும் தேவை பொதுவானது. இன்று அவ்விடத்தை ஒலிபெருக்கியும் பதிவு செய்த பாடலும் எளிதில் பிடித்துக்கொள்கின்றன. செலவு குறைவு, ஓசை மிகுதி. ஆனால், பதிவுக் கருவிக்கு மூச்சு இல்லை. அதற்கு விசுவாசமும் இல்லை. இருபது பேர் ஒரே நேரத்தில் மூச்சிழுத்து, ஒருவர்க்கொருவர் செவிசாய்த்து, ஒரே சுரத்தில் சேரும்போது உண்டாவது ஓசை மட்டுமன்று. அதுவே ஒரு சபை.

மலாய் மொழியில் பேண்டு குழுவைப் 'பஞ்சராகம்' என்பர். நம் செவிக்குப் பழகிய 'ராகம்' என்னும் சொல் அதில் இருப்பது சிந்திக்கத்தக்கது. தோட்டத்தைவிட்டு நகர்ப்புறம் வந்த நம் பிள்ளைகள் பலர்க்கு வீட்டிலிருந்து வந்த வாத்தியம் என்று ஒன்றில்லை. அவர்கள் கையில் ஒரு குழலைக் கொடுத்து, ஒழுங்கையும் கூட்டுணர்வையும் கற்பிக்கும் ஆலயமும் பள்ளியும் செய்வது சிறு பணியன்று. எம்மதத்தைச் சார்ந்தவராயினும், நம் திறனாய்வாளர்கள் இவ்விசையைச் செவிமடுத்து, குறையைக் குறையென்றும் நிறையை நிறையென்றும் கூற முன்வருதல் வேண்டும். தமிழன் மகிழ்ந்து ஊதிய குழல் எதுவாயினும், அது தமிழிசை வரலாற்றின் ஒரு பக்கமே.